எஸ்எஸ்டி தேய்ந்துவிட்டதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சர்வர் திணறுகிறது, காப்பி பாதியில் படுத்துவிட்டது, காலையில் ஆன் செய்தால் டிரைவையே காணோம். எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) உள்ள கம்ப்யூட்டரில் இப்படி எது நடந்தாலும் உடனே கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "நிறைய எழுதி எழுதித் தேய்ஞ்சு போச்சு, மாத்திடுங்க." பெரும்பாலும் இது தவறான தீர்ப்பு. எழுதித் தேய்வது என்பது எஸ்எஸ்டிக்குள்ளேயே எண்ணாகப் பதிவாகும் சங்கதி. அந்த எண்ணைப் பார்க்காமல் புது டிரைவ் வாங்கிப் போட்டால், உண்மையிலேயே தேய்மானம்தான் காரணம் என்றாலும், பழையதைத் தின்ற அதே புரோகிராம் புதியதையும் தின்னப்போகிறது.

டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின்கள், சிசிடிவி பதிவு, வீடியோ எடிட்டிங் என்று நாள் முழுக்க எழுதும் கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெயில் பார்த்து, படம் பார்த்து, பில் போடும் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி தேய்ந்து சாவது அபூர்வம். அங்கே கம்ப்யூட்டரே முதலில் பழசாகிவிடும்.

எதைத் தொடும் முன்பும் பேக்கப் எடுத்துவிடுங்கள். கீழே சொல்பவற்றில் சிலது டிரைவை முழுக்க அழிக்கும் வேலை.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த எண்கள்

லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் வரும் ஸ்மார்ட்சிடிஎல், விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. டிரைவுக்குள் பதிவாகும் எண்களின் பட்டியலை (ஸ்மார்ட் பட்டியல்) காட்டுபவை இவை. இரண்டும் இலவசம். என்விஎம்இ டிரைவ் (பெரும்பாலும் மதர்போர்டில் நேராகச் செருகும் புதிய வகை) என்றால் எந்த நிறுவனத்துடையதானாலும் ஒரே மாதிரிப் பட்டியல் வரும். அதில் பார்க்கவேண்டியவை: பெர்சன்டேஜ் யூஸ்டு (தேய்ந்த சதவீதம்), டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் (இதுவரை எழுதிய அளவு), அவெய்லபிள் ஸ்பேர் (கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக மிச்சமிருக்கும் மாற்று இடம்), மீடியா எரர்கள் (ஃபிளாஷில் வந்த பிழைகள்), அப்புறம் மேலேயே இருக்கும் கிரிட்டிக்கல் வார்னிங்.

ஒரு பட்டியலை எடுத்துப் படித்துப் பார்ப்போம். 1 டிபி டிரைவ், நிறுவனம் கொடுத்திருக்கும் டிபிடபிள்யூ 600. அதாவது 600 டெராபைட் எழுதும் வரை அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரன்டி. டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் 41,20,00,000 என்று காட்டுகிறது. ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். பெருக்கினால் சுமார் 211 டிபி. பவர் ஆன் நேரம் 6,100 மணி, அதாவது 254 நாள். ஆக நாளொன்றுக்கு 830 ஜிபி எழுதியிருக்கிறது. பெர்சன்டேஜ் யூஸ்டு 35 என்றால் கணக்கு நேராக இருக்கிறது: 600இல் 211 என்பது அதேதான். இதே வேகத்தில் போனால் மீதி 389 டிபி தீர இன்னும் ஒன்றேகால் வருடம்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். லேப்டாப்பில் பவர் ஆன் மணியை நம்பாதீர்கள். டிரைவ் தூக்க நிலையில் இருக்கும் நேரத்தைச் சில மாடல்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும் சதவீதம் மிச்சம் இருப்பது. ஸ்மார்ட்சிடிஎல் காட்டுவது தீர்ந்துபோனது. ஒன்றில் 65, இன்னொன்றில் 35 என்று வந்தால் இரண்டும் ஒரே செய்திதான்.

சாட்டா டிரைவில் (பெரும்பாலும் கேபிளில் இணைக்கும் பழைய வகை) இந்த ஒழுங்கு கிடையாது. 241ஆம் எண் வரிசையில் மொத்தம் எழுதியது இருக்கும். ஆனால் அதை 512 பைட்டால் பெருக்குவதா, நேராக ஜிபி என்று எடுத்துக்கொள்வதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 10 ஜிபி ஃபைல் ஒன்றை எழுதிவிட்டு எண் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் தெரிந்துவிடும். தேய்மானத்தைச் சாம்சங் 177ஆம் வரிசையிலும், இன்டெல் 233ஆம் வரிசையிலும் காட்டும். இரண்டும் 100இல் தொடங்கி இறங்கும்.

## அறிகுறி: காப்பி வேகமாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது

தேய்மானம் இல்லை. புது டிரைவிலும் இப்படித்தான் நடக்கும்.

இப்போது விற்கும் டிஎல்சி, கியூஎல்சி டிரைவ்கள் ஒரு செல்லில் 3 அல்லது 4 பிட் வைப்பவை. அப்படி எழுத நேரம் பிடிக்கும். அதனால் காலி இடத்தின் ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதி, ஓய்வு கிடைக்கும்போது மெதுவாகப் பெயர்த்து வைக்கும். இதுதான் எஸ்எல்சி கேஷ். அது தீர்ந்ததும் உண்மையான வேகம் தெரியும். இன்டெல் 660பி 1 டிபி மாடலில் டிரைவ் காலியாக இருந்தால் இந்தக் கேஷ் 140 ஜிபி அளவு. நிரம்ப நிரம்பச் சுருங்கி 12 ஜிபிக்கு வந்துவிடும். கேஷ் தீர்ந்தபின் அதன் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்பி சொச்சம். பழைய ஹார்டு டிஸ்கே தேவலை.

உறுதிப்படுத்த, டிரைவைப் பத்து இருபது நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள். வேகம் திரும்பி வந்தால் கேஷ்தான். வராவிட்டால் வெப்பத்தைப் பாருங்கள். பட்டியலின் அடியில், எச்சரிக்கை வெப்பநிலையில் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிரைவ் சூட்டில் தானாக வேகத்தைக் குறைக்கிறது. சின்ன ஹீட்சிங்க் போதும், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் உள்ள ஸ்லாட்டிலிருந்து மாற்றினால் இன்னும் நல்லது.

## அறிகுறி: டேட்டாபேஸ் சர்வர் நாள் முழுக்க மந்தம், ஆனால் டிரைவில் எழுதும் அளவு குறைவு

டிரைவின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் பார்த்தால் நொடிக்கு 5 எம்பிகூட எழுதவில்லை, டிரைவோ 100 சதவீதம் பிஸி என்கிறது. இது அளவுப் பிரச்சினை இல்லை, எஃப்சிங்க் பிரச்சினை. டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டின்போதும் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிக்கும்போதும்) "இது நிஜமாகவே ஃபிளாஷில் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். இந்தக் கேள்விதான் எஃப்சிங்க். சர்வர் டிரைவ்களில் மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கப் போதுமான கெப்பாசிட்டர்கள் இருக்கும். அதனால் அவை தரவு ராமில் வந்தவுடனே "சேர்ந்தது" என்று சொல்லிவிடலாம். சாதாரண டிரைவில் அந்த வசதி இல்லை. நியாயமாக நடந்துகொள்ளும் டிரைவ் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை போய்விட்டு வரும்.

இதில் தேய்மானமும் ஒளிந்திருக்கிறது. நூறு பைட் கமிட்டுக்குக்கூட ஃபிளாஷில் ஒரு முழுப் பக்கம், பல டிரைவ்களில் 16 கேபி, செலவாகலாம். மைஎஸ்க்யூஎல்லில் ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்ஷன் கமிட் மதிப்பை 1இலிருந்து 2ஆக மாற்றினால் எஃப்சிங்க் சுமார் நொடிக்கு ஒன்றாகக் குறையும். விலை என்ன என்றால், கரண்ட் போனால் கடைசி ஒரு நொடி கமிட்டுகள் போகலாம். பணம் கைமாறும் டேட்டாபேஸில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கெப்பாசிட்டர் உள்ள டிரைவ் வாங்குவதுதான் அங்கே வழி.

## அறிகுறி: சதவீதம் கண்முன்னே ஏறுகிறது

இதுதான் உண்மையான தேய்மானம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கவேண்டும், ஏனென்றால் கேள்வி இரண்டு: யார் எழுதுகிறார்கள்? எழுதியது டிரைவுக்குள் போய் எத்தனை மடங்காகிறது?

யார் என்பதை முதலில் பிடியுங்கள். லினக்ஸில், எந்தப் புரோகிராம் எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும் ஐஓடாப்பை, அந்தந்த நொடியைக் காட்டும் வழக்கமான முறையில் ஓட்டாமல், திரட்டிக் காட்டும் விருப்பத்தோடு ஓட்டிவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நொடிக்கு நொடி பார்த்தால் பேக்கப் மாதிரி சத்தம் போடுபவர்கள்தான் தெரிவார்கள். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக எழுதுகிறவர்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஜேபிடி2 என்ற கெர்னல் பெயர் மேலே நின்றால் ஏமாறாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல். யாரோ அடிக்கடி எஃப்சிங்க் அடிக்கிறார்கள் என்று அர்த்தம், அடுத்த வரிகளில் ஆள் கிடைப்பார். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் தாவல், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் டிஸ்க் தாவல்.

வழக்கமாக மாட்டுபவர்கள் இவர்கள்தான். ராம் பற்றாமல் நாள் முழுக்க ஓடும் ஸ்வாப். சோதனைக்காக டீபக் நிலையில் வைத்து, திரும்ப மாற்ற மறந்துபோன லாக் (நடந்ததை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவு). எவ்வளவு வளர்ந்தாலும் சுழற்சி இல்லாத டாக்கர் கன்டெய்னர் லாக்குகள். நொடிக்கு நொடி அளவெடுத்துச் சேமிக்கும் கண்காணிப்புக் கருவிகள். எடிட்டிங் சாஃப்ட்வேரின் கேஷ் ஃபோல்டர். சில நேரம் யாருமே சந்தேகப்படாத ஆள் மாட்டுவார். 2016இல் ஸ்பாட்டிஃபையின் டெஸ்க்டாப் செயலி, பாட்டு ஓடாதபோதும் தன் சிறிய டேட்டாபேஸைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. மணிக்கு ஜிபி ஜிபியாகப் போகிறது என்று பலர் புகார் சொன்னபின் அந்த நவம்பரில் திருத்தம் வந்தது.

லாக் தானே என்று அலட்சியம் வேண்டாம். டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் திரையை ஓட்டும் கணினியில் 8 ஜிபி ஃபிளாஷ் மட்டும் இருந்தது. தினமும் எழுதிய லாக்குகளில் அது தேய்ந்து, ரிவர்ஸ் கேமரா உட்பட எல்லாம் நின்றுபோனது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தலையிட, 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. எழுதிய அளவு பெரிதல்ல, எழுதிய இடம் சின்னது. 120 ஜிபி டிரைவில் லாக் சர்வர் நடத்துபவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆள் கிடைத்துவிட்டால் மருந்து எளிது. லாக் அளவைக் குறைக்கலாம், லினக்ஸின் லாக் சேவையான ஜர்னல்டியை ராமில் மட்டும் வைக்கச் சொல்லலாம், ஸ்வாப்புக்குப் பதில் ராம் வாங்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் செக்பாயின்ட்டை (ராமில் சேர்ந்த மாற்றங்களை டிரைவில் எழுதிவைக்கும் கட்டத்தை) தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பின்னும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது, மாறியது ஒரு வரியானாலும் 8 கேபி பக்கத்தை முழுசாக லாக்கில் எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. இயல்பான 5 நிமிட இடைவெளியை அரை மணி ஆக்கி, வால் (டபிள்யூஏஎல்) என்னும் அந்த லாக்கின் உச்ச அளவை 1 ஜிபியிலிருந்து உயர்த்தினால், பரபரப்பான டேட்டாபேஸில் எழுதும் அளவு கண்கூடாகக் குறையும். பதிலுக்கு, சர்வர் திடீரென விழுந்தால் எழுந்து வர நேரம் கூடும். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பதோ பல எம்பி கொண்ட பிளாக் பிளாக்காக. ஓர் எழுத்தைத் திருத்த முழு சிலேட்டையும் அழித்து எழுதுவது போலத்தான். அதனால் டிரைவின் மூளையான கன்ட்ரோலர் மாற்றத்தை வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழைய பிளாக்கில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களைப் பொறுக்கி இடம் மாற்றி, பிறகு அந்தப் பிளாக்கை அழிக்கும். இந்த இடமாற்றமும் எழுத்துதான். நீங்கள் 1 ஜிபி எழுத, ஃபிளாஷில் 3 ஜிபி எழுதப்பட்டால் பெருக்கம் மூன்று மடங்கு. டிஎல்சி செல் ஓராயிரம் முதல் மூவாயிரம் முறை அழித்து எழுதத் தாங்கும், கியூஎல்சி அதைவிடக் குறைவு. அந்த எண்ணைக் கரைப்பது இந்தப் பெருக்கப்பட்ட எழுத்து.

கண்டுபிடிப்பது எப்படி? மேலே போட்ட கணக்கையே பாருங்கள். 211 டிபிக்கு 35 சதவீதம் என்றால் நிறுவனம் எதிர்பார்த்தபடி. அதே 211 டிபிக்கு 70 சதவீதம் காட்டினால் உங்கள் வேலை டிரைவுக்குள் எதிர்பார்த்ததைப் போல இரு மடங்காகிறது. அப்போது இவற்றைச் சரிபாருங்கள்:

டிரைவ் நிரம்பி வழிகிறதா? 95 சதவீதம் நிரம்பிய டிரைவில் இடம் மாற்றக் காலி இடமே இல்லாமல் கன்ட்ரோலர் அதே பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். 15, 20 சதவீதமாவது காலியாக விடுங்கள். பார்ட்டிஷன் போடாமல் ஒரு பகுதியை விட்டுவைப்பதும் நல்ல வழி. ஆனால் அந்தப் பகுதி முன்பு எழுதப்பட்டதாக இருந்தால் பயனில்லை. டிரைவை முழுசாக அழித்துவிட்டுப் பிறகு பார்ட்டிஷன் போடவேண்டும்.

டிரிம், அதாவது எந்த இடம் அழிக்கப்பட்டது என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை, போய்ச் சேர்கிறதா? நீங்கள் ஃபைலை அழித்தது டிரைவுக்குத் தெரியாவிட்டால் குப்பையையும் பத்திரமாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். பல லினக்ஸ் வகைகளில் எஃப்எஸ்டிரிம் டைமர் வாரம் ஒருமுறை ஓடும். ஓடினாலும் நடுவில் தடுக்கும் ஆட்கள் உண்டு: லக்ஸ் என்கிரிப்ஷனில் டிஸ்கார்டு (டிரிம்முக்கு இன்னொரு பெயர்) அனுமதிக்காதது, விர்ச்சுவல் டிஸ்கில் டிஸ்கார்டு டிக் செய்யாதது, சில ரெய்டு கார்டுகள் (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்ப்பவை), மலிவான யுஎஸ்பி பெட்டிகள். எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்டு விருப்பத்தோடு ஓட்டும்போது உங்கள் டிரைவ் வரிசையில் பூஜ்யம் வந்தால் வழியில் யாரோ நிறுத்துகிறார்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்களா? விர்ச்சுவல் மெஷினுக்குள் டேட்டாபேஸ், அது கியூகவ்2 என்ற விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலில், அந்த ஃபைல் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில். ஒவ்வொரு தட்டும் தன் பங்குக்கு நகல் எடுத்து எழுதும். விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் பிராக்ஸ்மாக்ஸும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து சாதாரண வீட்டு டிரைவ்களை வேகமாகத் தேய்க்கும் என்று பேர் வாங்கியதற்கு இதுதான் காரணம். ஒற்றை சர்வராக இருந்தால் பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டருக்கான ஹெச்ஏ சேவைகளை நிறுத்தலாம். அவை வேலை எதுவும் இல்லாதபோதும் நிலையை எழுதிக்கொண்டே இருக்கும்.

சில சமயம் எண்ணே பொய் சொல்லும். 2023 தொடக்கத்தில் சாம்சங் 990 புரோ டிரைவ்களில், அதிகம் எழுதாமலே ஆரோக்கியச் சதவீதம் மளமளவென இறங்குவதாகப் புகார்கள் வந்து, பிப்ரவரியில் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) திருத்தம் வெளியானது. எழுதிய அளவும் சதவீதமும் துளியும் பொருந்தவில்லை என்றால் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள்.

சிசிடிவிக்கு இந்தத் துப்பறிதல் எதுவும் வேண்டாம், பெருக்கினாலே போதும். 16 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட். சேர்த்தால் நொடிக்கு 8 எம்பி. சின்ன எண் மாதிரித் தெரியும். ஒரு நாளைக்கு 691 ஜிபி. 600 டிபிடபிள்யூ டிரைவ் 868 நாளில், இரண்டரை வருடத்துக்குள், தன் கணக்கை முடித்துவிடும். இத்தனைக்கும் இது வரிசையாக எழுதும் வேலை, பெருக்கமே கிடையாது என்று வைத்துப் போட்ட கணக்கு. பதிவுக்கு ஹார்டு டிஸ்க் போடுங்கள். தேடுவதற்கான இன்டெக்ஸை மட்டும் எஸ்எஸ்டியில் வையுங்கள். எஸ்எஸ்டியின் வேகம் கேமரா பதிவுக்குத் தேவையே இல்லை.

## அறிகுறி: புது ஃபைல்கள் வேகம், பழைய ஃபைல்கள் மட்டும் மெதுவாகத் திறக்கின்றன

எழுதி மாதக்கணக்கில் தொடாத ஃபைல்களில் செல்லின் மின்னூட்டம் மெல்ல நகர்ந்துவிடும். படிக்கும்போது கன்ட்ரோலர் பிழை திருத்தி, மறுபடி படித்து, மறுபடி திருத்தி என்று நேரம் எடுக்கும். 2014இல் சாம்சங் 840 ஈவோவில் இது பெரிய விவகாரமானது. பழைய தரவைத் திரும்ப எழுதிச் சரிசெய்யும் கருவியையே நிறுவனம் வெளியிட வேண்டி வந்தது.

ஃபைலை வேறு இடத்துக்குக் காப்பி செய்து திரும்பக் கொண்டுவாருங்கள். வேகம் வந்துவிட்டால் காரணம் இதுதான். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். தேய்ந்த டிரைவில் இது சீக்கிரம் வரும், ஆனால் தேயாத டிரைவிலும் வரலாம் என்பதால் முதலில் சொன்ன சதவீதத்தோடு சேர்த்தே முடிவெடுங்கள்.

## அறிகுறி: சிஆர்சி எரர் எண்ணிக்கை ஏறுகிறது

சாட்டா டிரைவில் 199ஆம் வரிசை. கேபிள். மாற்றுங்கள், போர்ட்டை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

## அறிகுறி: திடீரென எதையும் எழுத முடியவில்லை, எல்லாம் ரீட்-ஒன்லி

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். கை தானாக அங்கேதான் போகும், அதனால்தான் முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன்.

காரணம் இதோ. டெக் ரிப்போர்ட் என்ற தளம் 2013 ஆகஸ்டில் தொடங்கி 2015 வரை, 240 முதல் 256 ஜிபி வரையிலான டிரைவ்கள் ஆறை, சாகும்வரை இரவு பகலாக எழுதிச் சோதித்தது. அதில் இன்டெல் 335 ஒன்று. நாளுக்கு 20 ஜிபி வீதம் 3 வருடம், அதாவது 22 டிபி எழுதலாம் என்றுதான் இன்டெல் அதற்குச் சொல்லியிருந்தது. 700 டிபியைத் தாண்டி ஓடியது. பிறகு, வடிவமைத்தபடியே, எழுதுவதை நிறுத்திக்கொண்டது. மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் படிக்கவும் முடியாமல் போனது. அதுவும் வடிவமைத்தபடிதான். அணைக்கும் முன் காப்பி எடுத்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். மற்ற நிறுவனங்களும் இப்படியே செய்வார்கள் என்றில்லை. உங்களுடையது எந்த வகை என்று சோதித்துப் பார்க்க இது நேரமில்லை.

காப்பி எடுத்தாகிவிட்டது, சரி. இப்போது இது டிரைவின் முடிவா, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முடிவா என்று பிரிக்கவேண்டும். கிரிட்டிக்கல் வார்னிங் 08 என்று காட்டினால் டிரைவே எழுதுவதை நிறுத்திவிட்டது. அதை இனி எடுத்துவிட வேண்டியதுதான். 01 என்றால் மாற்று இடம் எல்லைக்குக் கீழே போய்விட்டது, அன்றைக்கே மாற்றுங்கள். வார்னிங் பூஜ்யம் என்றால் ஃபைல் சிஸ்டம் தானாக ஒதுங்கியிருக்கிறது. ரூட் பார்ட்டிஷனில் பிழை கண்டால் உடனே ரீட்-ஒன்லியாக மாற்றும்படிதான் பல லினக்ஸ் வகைகள் அமைத்திருக்கின்றன. டிமெஸ்ஸேஜ் என்ற கெர்னல் லாக்கைப் பாருங்கள். மீடியா எரர் என்று வந்தால் டிரைவில் கோளாறு. கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட் என்று வந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: டிரைவே காணாமல் போய்விட்டது

எழுதித் தேய்ந்த டிரைவ் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். சதவீதம் ஏறும், மாற்று இடம் குறையும், எரர் சேரும். நேற்றுவரை 8 சதவீதம் மட்டும் தேய்ந்திருந்த டிரைவ் இன்று பயாஸிலேயே இல்லை என்றால், காரணத்தை மின்சாரம், கன்ட்ரோலர், ஃபர்ம்வேர் பக்கம் தேடுங்கள்.

எடுத்து, தங்க முனையைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிள் இல்லாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து அரை மணி விட்டுவைத்தால், கரண்ட் போனபோது குழம்பிய உள் அட்டவணையைத் தானே சீர்செய்துகொண்டு எழுந்துவரும் டிரைவ்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது மறைந்து, ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வரும் என்விஎம்இ டிரைவ் என்றால் லினக்ஸில் ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பு ஏற்பாட்டை அணைத்துப் பாருங்கள். அன்சேஃப் ஷட்டவுன் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் டிரைவுக்கு முன் யுபிஎஸ்ஸுக்குச் செலவழியுங்கள்.

ஃபர்ம்வேர் கோளாறுகளில் பயங்கரமானது 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான ஹெச்பிஈ அறிவித்தது. அந்த நிறுவனத்தின் சில எஸ்ஏஎஸ் வகை (சர்வர்களுக்கான) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி ஓடியதும் செத்துவிடும், தரவும் போய்விடும். எவ்வளவு எழுதினீர்கள் என்பதே கணக்கில் இல்லை. ஒரே நாளில் வாங்கி ஒரே ரெய்டில் போட்ட டிரைவ்கள் ஒரே நேரத்தில் சாகும் என்பதால் ரெய்டும் காப்பாற்றாது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவர்கள் பிழைத்தார்கள்.

டொரன்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து, கூகுள் டேட்டா சென்டர் டிரைவ்களை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது. எவ்வளவு எழுதினோம் என்பதைத் தாண்டி, டிரைவின் வயதுக்கும் பிழைகளுக்கும் தனியாகவே தொடர்பு இருந்தது. விலை அதிகமான எஸ்எல்சி டிரைவ்கள் நடைமுறையில் எம்எல்சியைவிட (செல்லுக்கு 2 பிட் வைப்பது) நம்பகமாகவும் இல்லை. முதல் நான்கு வருடத்தில் மாடலைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் ஒருமுறையாவது திருத்த முடியாத பிழையைக் கண்டன. சதவீதம் குறைவாக இருக்கிறதே என்று பேக்கப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை இன்னொருமுறை படிக்கலாம்.

## அறிகுறி: 100 சதவீதம் தாண்டிவிட்டது, ஆனால் ஓடுகிறது

ஓடும். 100 என்பது நிறுவனத்தின் கணிப்பு முடிந்த இடம். எண் 255 வரை ஏற இடம் வைத்தே என்விஎம்இ தரநிலை எழுதப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன அதே சோதனையில் சாம்சங் 840 புரோ 2.4 பெட்டாபைட் வரை போனது. டிஎல்சி வகையான 840கூட 900 டிபி தொட்டது.

ஆனால் அந்தச் சோதனை நிற்காமல் எழுதியது. தரவை உடனுக்குடன் மாற்றும்போது, அது எத்தனை நாள் நிலைக்கும் என்ற கேள்வி எழுவதில்லை. மெமரி சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, டிபிடபிள்யூ முழுக்கத் தீர்ந்த வீட்டு டிரைவ் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் தரவைக் காத்தால் போதும். சர்வர் டிரைவ் என்றால் 40 டிகிரியில் 3 மாதம். நம் ஊர்க் கோடையில் பூட்டிய அறை 30ஐச் சாதாரணமாகத் தாண்டும், சூடு கூடக் கூட இந்தக் காலம் சுருங்கும். ஆகவே 100 தாண்டிய டிரைவை, போனால் போகட்டும் என்கிற வேலைக்கு வையுங்கள்: எடிட்டிங் கேஷ், பில்ட் ஃபோல்டர், தற்காலிக இடம். பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். தேயும் வேலையை இவ்வளவு செய்த டிரைவை ஓய்வு கொடுத்து பேக்கப்புக்கு வைக்கத்தான் நிறையப் பேருக்குத் தோன்றுகிறது. அது தலைகீழ் யோசனை.

## மாற்றத்தான் வேண்டும் என்றால்

மேலே கண்டுபிடித்த நாள் கணக்கை டிரைவின் அளவால் வகுங்கள். நாளுக்கு 830 ஜிபி, 1 டிபி டிரைவ் என்றால் 0.83. இதுதான் டிடபிள்யூபிடி, நாளுக்கு டிரைவ் முழுவதும் எத்தனை முறை எழுதுகிறீர்கள் என்பது. 600 டிபிடபிள்யூ உள்ள 1 டிபி வீட்டு டிரைவ் 5 வருடத்துக்கு 0.33 மட்டுமே தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறது. கியூஎல்சி மாடல்களில் 200 டிபிடபிள்யூகூட உண்டு, அது 0.11. சர்வர் டிரைவ்களில் பரவலான வகை 1: 960 ஜிபி டிரைவ் 5 வருடத்தில் 1,752 டிபி. எழுதும் வேலைக்கென்றே விற்பவை 3.

பெரிய டிரைவ் வாங்குவதும் ஒரு வழிதான். அதே மாடலில் அளவு இரட்டித்தால் டிபிடபிள்யூவும் பெரும்பாலும் இரட்டிக்கும், காலி இடமும் கூடும். இடம் தேவையில்லாவிட்டாலும் 2 டிபி வாங்கிப் பாதியைச் சும்மா விடுவது எழுதும் வேலைக்கு ஊதாரித்தனம் இல்லை.

பட்ஜெட் இடித்தால், என் ஓட்டு பயன்படுத்திய சர்வர் டிரைவுக்கு. 10 சதவீதம் தேய்ந்த சர்வர் டிரைவ், புத்தம் புது வீட்டு டிரைவைவிட எழுதும் வேலையில் அதிக நாள் வரும், கெப்பாசிட்டரும் கூடவே கிடைக்கும். காசு கொடுக்கும் முன் விற்பவரிடம் ஸ்மார்ட் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சர்வர் எம்.2 டிரைவ்களில் பல 110 மில்லிமீட்டர் நீளம், வீட்டு மதர்போர்டுகளில் பெரும்பாலும் 80 வரைதான் திருகு ஓட்டை இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.